அமெரிக்காவில் இனமும் உடல்நலமும்: சமூகப்பணி ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை?

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போகும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அங்கே கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் வெள்ளையரைவிட அதிகமாக நோய்வாய்ப்படுவதும் சீக்கிரம் இறப்பதும் ஏன் என்று ஆராய அவருக்கு ஆசை. ஆனால் அது மருத்துவர்களும் மரபணு ஆய்வாளர்களும் பார்க்க வேண்டிய விஷயம் என்று சிலர் சொல்கிறார்களாம். "எல்லாம் வறுமைதான், இதில் ஆராய என்ன இருக்கிறது" என்று வேறு சிலர். அப்படியானால் சமூகப்பணி ஆய்வாளர் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்கிறார்.

வறுமையை முதலில் பார்த்துவிடலாம். அது ஒரு காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால், படித்து நல்ல வேலையில் இருக்கும் கறுப்பினத்தவரிடம் இந்த வித்தியாசம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குக் கர்ப்ப காலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ இறந்த வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர்; கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினத் தாயின் குழந்தை ஒரு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு, பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினத் தாயின் குழந்தைக்கு இருப்பதைவிட அதிகம். படிப்பும் வருமானமும் எல்லோருக்கும் ஒரே அளவு பாதுகாப்பைத் தருவதில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

சரி, மரபணுவா? இல்லினாய் மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை வைத்து டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்பினப் பெண்கள், அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினப் பெண்கள், அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினப் பெண்கள் என மூன்று பிரிவினரின் குழந்தைகளுடைய பிறப்பு எடையை அதில் ஒப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் குழந்தைகள் எடையில் வெள்ளையினக் குழந்தைகளுக்கு நெருக்கமாக இருந்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள்தான் எடை குறைவாக இருந்தார்கள். மரபணு காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? குடியேறிய பெண்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து தாயாகும்போது அந்தச் சாதகம் தேய்ந்துபோவதையும் பிறகு கண்டார்கள். அந்த நாட்டில் கறுப்பினத்தவராக வாழ்வதே உடலை ஏதோ செய்கிறது.

அந்த 'ஏதோ' என்ன என்பதற்கு ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1992இல் ஒரு விளக்கம் தந்தார். 'வெதரிங்' (வெயிலிலும் மழையிலும் கிடந்து தேய்வது) என்ற பெயரில் இன்று துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த கருத்து அது. வெள்ளையினப் பெண்களில் பதின்வயதுத் தாய்மாரைவிட இருபதுகளில் தாயாகிறவர்களின் குழந்தைகள் பிழைப்பது அதிகம். கறுப்பினப் பெண்களிடம் அவர் கண்டது இதற்கு எதிரான போக்கு: இருபதுகளில் தாயாகிறவர்களின் குழந்தைகளுக்கே ஆபத்து கூடியது. தொடர்ந்து வரும் அவமதிப்பும் பொருள் நெருக்கடியும் விழிப்பாகவே இருக்க வேண்டிய கட்டாயமும் உடலை வயதுக்கு முன்பே முதுமையாக்குகின்றன என்றார். பதின்வயதுக் கர்ப்பத்தைத் தடுத்தால் குழந்தை இறப்பு குறைந்துவிடும் என்று நம்பித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்தத் திட்டங்களை நடத்தியவர்களில் சமூகப்பணியாளர்களும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

1997இல் டேவிட் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அன்றாடப் பாகுபாட்டை அளக்க ஒரு கேள்வித்தொகுப்பை வெளியிட்டார்கள். கடைகளில் மற்றவர்களைவிட மோசமாக நடத்துகிறார்களா, உங்களைப் பார்த்து யாரும் பயப்படுவதுபோல நடந்துகொள்கிறார்களா, நீங்கள் புத்திசாலி இல்லை என்று நினைப்பதுபோல் பேசுகிறார்களா, இதெல்லாம் எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்று மிகச் சாதாரணமாகக் கேட்கும் தொகுப்பு அது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் ஆய்வில் இனத்தை வெறும் ஒரு பெட்டியாக வைத்து டிக் போட வைப்பதற்குப் பதிலாக, இப்படி எதிர்கொண்ட அனுபவத்தை அளந்தால் ஆய்வுக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

ஆனால் முகத்துக்கு நேரே நடக்கும் அவமதிப்போடு நின்றுவிடக்கூடாது. 1930களில் வீட்டுக்கடன் தொடர்பான ஓர் அரசு நிறுவனம் அமெரிக்க நகரங்களின் பகுதிகளை, கடன் கொடுக்க ஏற்றவை எவை என்று ஏ முதல் டி வரை தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் டி, வரைபடத்தில் சிவப்பு. 1968இல் சட்டம் வீட்டுப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டது. ஆனால் 2020இல் 108 நகரங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அன்று சிவப்பு பூசப்பட்ட பகுதிகள் இன்றும் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. மரம் குறைவு, தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதிகம். வெப்ப அலை வந்தால் முதலில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வரைபடம் போட்டவர்கள் யாரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் போட்ட கோடு மட்டும் தெருக்களில் அப்படியே நிற்கிறது.

மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரமும் அப்படித்தான். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமலே. தண்ணீரில் ஈயம் கலந்தது. மக்கள் பாட்டிலில் பழுப்புத் தண்ணீரோடு கூட்டங்களுக்குப் போய்க் கத்தியும் அதிகாரிகள் மசியவில்லை. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்ட பிறகுதான், அக்டோபரில் பழைய நீருக்குத் திரும்பினார்கள். ஒன்றரை வருடம்.

இனி நம் துறைக்கு வருவோம்.

இந்தத் துறையில் முதல் பெரிய ஆய்வு எது என்று கேட்டால் நான் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸைச் சொல்வேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1896இல் அவரைத் தற்காலிக வேலைக்கு எடுத்து, ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பினத்தவரைப் பற்றி ஆராயச் சொன்னது. அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது, ஏழைக் குடியிருப்புகளில் போய்த் தங்கிப் பணி செய்த சமூகப்பணி முன்னோடிகளின் இயக்கம். டு பாய்ஸ் வீடு வீடாகத் தானே போய்க் கேட்டார். அதே 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிப் புள்ளியியலாளர், கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் அவர்களுடைய இயல்பிலேயே இருக்கும் பலவீனம் என்று எழுதியிருந்தார். இருவரும் பார்த்தது ஏறக்குறைய ஒரே மாதிரியான இறப்புக் கணக்குகள். ஹாஃப்மன் உடலில் காரணம் தேடினார். டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட நூலில் ஈரமான அறைகளையும் காற்றில்லாத வீடுகளையும் வேலை கிடைக்காத நிலைமையையும் காட்டினார். கேள்வியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்று நீங்கள் படிக்கப்போகும் ஆய்வுகளிலும் ஹாஃப்மன் வழி தொடர்கிறது, கொஞ்சம் நாகரிகமான மொழியில்: 'அந்தச் சமூகத்தின் உணவுப் பழக்கம்', 'மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாமை' என்று.

டு பாய்ஸைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிட்டால் அது பாதிக் கதை. வட கரோலினா மாநிலத்தில் 1929 முதல் 1974 வரை யூஜெனிக்ஸ் திட்டத்தில் ('தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தியவர்களைப் பிள்ளை பெறவிடாமல் தடுப்பது) ஏறக்குறைய 7,600 பேருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் அதற்கு அதிகம் ஆளானவர்கள் கறுப்பினப் பெண்கள். "இன்னாருக்குச் செய்யலாம்" என்று மனு போடும் அதிகாரம் அந்த மாநிலத்தில் சமூகப்பணியாளர்களுக்கு இருந்தது. உதவித்தொகை விஷயமாக வீட்டுக்கு வந்தவரே மனுவும் எழுதினார். 2013இல்தான் மாநிலம் ஒரு கோடி டாலரை நஷ்ட ஈட்டுக்காக ஒதுக்கியது. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வெளியே அனுப்புவதிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். 1978இல் பூர்வகுடிக் குழந்தைகள் நலச் சட்டம் வருவதற்கு முன் நடந்த விசாரணைகளில், அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் என்ற கணக்கு முன்வைக்கப்பட்டது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு ஆள் சேர்ப்பதில் சமூகப்பணியாளர்களும் உதவினார்கள் என்று அமெரிக்கச் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இதை உங்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவதற்காகச் சொல்லவில்லை. ஆய்வுத் தலைப்பே இங்கேதான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மருத்துவருக்கு மருந்துச்சீட்டு எப்படியோ, சமூகப்பணியாளருக்குப் படிவம் அப்படி. யாருக்கு எது கிடைக்கும், யார் மேல் புகார் போகும் என்பதை அந்தப் படிவங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றை உள்ளிருந்து தெரிந்தவர்கள் நாம்தான்.

ஒரு பழைய உதாரணம், இன்னும் கூர்மை குறையாதது. ஃப்ளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 1990இல் வெளியானது. போதைப்பொருள் தடயம் வெள்ளையினப் பெண்களிடமும் கறுப்பினப் பெண்களிடமும் கிட்டத்தட்ட சம அளவில்தான் இருந்தது. ஆனால் அதிகாரிகளுக்குப் புகார் போனது கறுப்பினப் பெண்களைப் பற்றி ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். இதோடு 2017இல் வந்த இன்னொரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்: அமெரிக்கக் குழந்தைகளில் 37 சதவீதம் பேரின் குடும்பம் அவர்களுக்கு 18 வயதாவதற்குள் ஒருமுறையாவது குழந்தைப் பாதுகாப்பு விசாரணைக்கு உள்ளாகிறது, கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம். அந்த ஆய்வாளர்களில் சமூகப்பணிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் கதவைத் தட்டும் ஒரு துறையிடம், "எனக்கு மன அழுத்தமாக இருக்கிறது, குடிப்பதை நிறுத்த முடியவில்லை" என்று ஒரு தாய் எப்படி மனம் திறந்து சொல்வாள்? அவள் கர்ப்பகாலப் பரிசோதனைக்குத் தாமதமாக வந்தால் மருத்துவமனைப் பதிவேட்டில் அது அவளுடைய அலட்சியமாகத்தான் பதிவாகும். இந்தப் பயத்தையும் உடல்நல விளைவையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும்.

அப்புறம் சிறுநீரகம். நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்ட ஒரு சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.21ஆல் பெருக்க வேண்டும். அதே இரத்தம், அதே வயது, ஆனால் சிறுநீரகம் 21 சதவீதம் ஆரோக்கியமாகத் தெரியும்! டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, இந்தக் கணக்கின் விடை 20க்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் தொடங்கும் என்பதால், கறுப்பின நோயாளிகள் வரிசையில் தாமதமாகவே நின்றார்கள். 2021இல் இனம் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. 2023 ஜனவரி முதல், பழைய சூத்திரத்தால் இழந்த காத்திருப்புக் காலத்தைச் சிறுநீரக மாற்று அறுவை மையங்கள் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. அதன் பிறகு 14,000க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குக் காலம் கூட்டித் தரப்பட்டது. ஒரே ஒரு பெருக்கல் எண் செய்த வேலை.

இதில் சமூகப்பணியாளர் எங்கே வருகிறார் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் டயாலிசிஸ் மையம் ஒவ்வொன்றிலும் முதுகலை படித்த சமூகப்பணியாளர் குழுவில் இருந்தாக வேண்டும். மாற்று அறுவைக்கு முன் உளவியல், சமூக மதிப்பீடு செய்வதும் பெரும்பாலும் அவர்தான். அறுவைக்குப் பின் கவனிக்க ஆள் இருக்கிறதா, போக்குவரத்து வசதி உண்டா, முன்பு சிகிச்சைக்குத் தவறாமல் வந்தாரா என்று கேட்பார்கள். கேட்க நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டு வேலை பார்க்கும் மகளையும், பஸ் இல்லாத பகுதியையும், டி போட்ட பழைய வரைபடத்தையும் இந்தக் கேள்விகள் நோயாளியின் குறையாக மாற்றிவிடும் ஆபத்து உண்டு. சூத்திரத்தில் இருந்த 1.21 வெளியே தெரிந்தது, எனவே நீக்க முடிந்தது. 'சமூக ஆதரவு போதாது' என்று ஒருவர் எழுதும் வரியில் இருக்கும் எண் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலையா, நம் வேலையா? என்னைக் கேட்டால் இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கஷ்டம்.

இடைவெளி எவ்வளவு என்று மறுபடியும் மறுபடியும் அளக்கும் கட்டுரைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மை இனத்தவரிடையே ஆண்டுக்கு 60,000 கூடுதல் மரணங்கள் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையே 1985இல் அறிக்கை தந்துவிட்டது. அந்த அளவீடு அவசியம்தான், ஆனால் ஒரு முனைவர் பட்டத்தை அதில் செலவிட வேண்டாம். எது மாறியபோது இடைவெளி குறைந்தது என்று தேடுங்கள். 1966இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது, இனப் பிரிவினை வைத்திருக்கும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்றார்கள். சில மாதங்களில் ஆயிரம் மருத்துவமனைகள்வரை தனித்தனி வார்டுகளை ஒழித்தன. அடுத்த சில ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களின் கிராமப்புறங்களில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறக்கும் கறுப்பினக் குழந்தைகள் வேகமாகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள்.

சின்ன அளவிலும் இது நடக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகளில், வாடிக்கையாளர்களில் இரத்த அழுத்தம் அதிகமிருந்த 319 பேரைச் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்குக் கடையிலேயே மருந்தாளுநர் வந்து மருந்து எழுதினார். மற்றவர்களிடம் முடிதிருத்துபவர் "டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் அழுத்தம் 27 புள்ளி இறங்கியது. இரண்டாவது பிரிவினருக்கு 9 புள்ளி. 'மருத்துவத்தை நம்பாதவர்கள்' என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள். நம்புகிற இடத்துக்கு மருந்து போனபோது சாப்பிட்டார்கள்.

நம்பிக்கை பற்றிப் பேசும்போது ஹவாசுபாய் மக்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிராண்ட் கேன்யனில் வாழும் சிறிய பூர்வகுடி. 1990இல் தொடங்கி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு ஆராய்ச்சி என்று சொல்லி அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். அதே இரத்தம் பிறகு மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்து வந்தார்கள் என்பது போன்ற ஆய்வுகளுக்கெல்லாம் போனது. விஷயம் தெரிந்து வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. நவாஹோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்களுக்கு 1996 முதல் சொந்த ஆய்வு நெறிக் குழு இருக்கிறது. அவர்கள் அனுமதி இல்லாமல் முடிவுகளை வெளியிட முடியாது, தரவும் அவர்களுக்கே சொந்தம். பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

தரவில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஆசியர்' என்ற ஒரே பெட்டியில் எல்லோரையும் போட்டுச் சராசரி எடுத்தால் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். தெற்காசியர்களைத் தனியே எடுத்தால் இதயநோயும் நீரிழிவும் தலைகாட்டும். சிகாகோ பகுதியிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் 2010 முதல் அவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் சுருக்கப் பெயர் மசாலா. பெயர் வைத்தவர் ரசனைக்காரர்தான்.

கடைசியாக, நடைமுறை. 2025இல் மருத்துவ ஆய்வுகளுக்கு மத்திய அரசின் நிதியைத் தரும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் இனச் சமமின்மை சார்ந்த நூற்றுக்கணக்கான ஆய்வு நிதிகளை நிறுத்தின. வழக்கு நடந்தது, அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தத்தைத் தற்போதைக்கு அனுமதித்தது. எனவே மத்திய நிதியை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு அறக்கட்டளை நிதியோ மாநில நிதியோ இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புள்ளியியலா நேர்காணலா என்ற குழப்பம் வந்தால் இரண்டும் வேண்டும் என்பேன்: எத்தனை பேருக்கு 'ஆதரவு போதாது' என்று எழுதப்பட்டது என்பதைப் பதிவேடு சொல்லும், எழுதிய கை ஏன் எழுதியது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். மருத்துவமனை, பல்கலைக்கழகம், சமூகம் என்று மூன்று இடத்தில் ஒப்புதல் தேவைப்படலாம். விண்ணப்பத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.